டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் 20 ஆண்டுப் பெட்டி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃபுகாசி என்ற குழுவைக் கேட்பதற்காக மட்டும் இந்தப் பெட்டியை வாங்காதீர்கள். அதற்கு அவர்களுடைய ஆல்பம் ஏதாவது ஒன்று போதும். இது பங்க் என்ற கலகக்கார ராக் இசையை வெளியிடும் வாஷிங்டன் நகரத்து டிஸ்கார்ட் லேபிள் தன் இருபது வருடக் கதையைத் தானே சொல்ல 2002-ல் வெளியிட்ட மூன்று சிடி பெட்டி, கூடவே ஒரு தடித்த சிறுபுத்தகமும் உண்டு. முதல் இரண்டு தட்டுகளிலும் ஒரு குழுவுக்கு ஒரு பாட்டுதான். லட்சக்கணக்கில் விற்ற ஃபுகாசிக்கும் அங்கே ஒன்று, ஏழு அங்குல ரெக்கார்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் கலைந்துபோன பள்ளிக்கூடப் பையன்களுக்கும் ஒன்று. கேட்கும்போது இது சில இடங்களில் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த லேபிள் எப்படிப்பட்டது என்று காட்ட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இது எர்ணாகுளத்தில் பழைய சிடி விற்கும் ஒருவரிடமிருந்து வந்தது. அமெரிக்காவிலிருந்து நேராக வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்து பெட்டி விலையையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். "நல்ல கண்டிஷன்" என்றுதான் சொன்னார், வந்து பார்த்தால் பெட்டியின் முதுகு பிளந்து கிடக்கிறது, மூன்றாவது தட்டில் ஒரு கீறல். போன் போட்டுக் கேட்டதற்கு, "சிடி பாடுமல்லோ சேட்டா, பின்னெந்தா?" என்றார். பாடுகிறது என்பது உண்மைதான். கூரியர்காரர் வேறு, கொழிஞ்சாம்பாறை என்றதும் அது தமிழ்நாடா கேரளாவா என்று தனக்குள்ளேயே வழக்காடிவிட்டுப் பாலக்காட்டிலேயே பொதியை வைத்துக்கொண்டார். பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தேன். சரி, இனி பெட்டிக்கு வருவோம்.

டிஸ்கார்ட் தொடங்கிய கதையைச் சொல்லாமல் இந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேச முடியாது. 1979-ல் வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் என்று ஒரு குழு, எல்லாரும் பதின்வயதுப் பையன்கள், பேஸ் கிதார் இயன் மெக்கேய், டிரம்ஸ் ஜெஃப் நெல்சன், பாட்டு நேத்தன் ஸ்ட்ரெஜ்செக். ஊரில் பேட் பிரெயின்ஸ் என்ற கறுப்பினக் குழு மின்னல் வேகத்தில் வாசிப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள். நிகழ்ச்சிகளில் கிடைத்த காசில் ஒரு டாலர்கூடப் பங்கு பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்தார்கள். 1980 கடைசியில் குழு கலைந்தபோது பெட்டியில் ஏறத்தாழ 600 டாலர் இருந்தது. பிரித்துக்கொள்வதா, இல்லாத குழுவுக்கு ஒரு ரெக்கார்டு போடுவதா என்ற கேள்வி வந்தது. ரெக்கார்டு போட்டார்கள். எட்டுப் பாட்டு, ஏழு அங்குலம், முதலில் 1,000 பிரதிகள். அதை வெளியிட ஒரு பெயர் வேண்டும் என்பதற்காகப் பிறந்ததுதான் டிஸ்கார்ட். விற்று வரும் காசில் அடுத்த நண்பர்களின் ரெக்கார்டு என்று முடிவு செய்தார்கள். திட்டம் அவ்வளவுதான், முதலீட்டாளர் யாரும் கிடையாது.

லண்டன் பங்க் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே உறைக்கும். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு முதலில் இ.எம்.ஐ. கம்பெனியிடமும் கடைசியில் வர்ஜினிடமும் போனார்கள், கிளாஷ் குழு சி.பி.எஸ்.ஸுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். எதிர்ப்பெல்லாம் பாட்டில் இருந்தது, காசோலை பெரிய கம்பெனியிலிருந்து வந்தது. குற்றம் சொல்லவில்லை, அங்கே அதுதான் வழி. வாஷிங்டன் பையன்களிடம் வந்து கதவைத் தட்டவே அப்போது ஒரு கம்பெனியும் இல்லை. ராக்வில்லில் ரெக்கார்டு கடை வைத்திருந்த ஸ்கிப் கிராஃப் என்பவர்தான் எப்படிப் பதிவு செய்வது, எங்கே அச்சடிப்பது என்று வழிகாட்டினார். ஆர்லிங்டனில் டான் ஸியன்டாரா தன் வீட்டிலேயே வைத்திருந்த இன்னர் இயர் என்ற சின்ன ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனதும் அவர்தான்.

உறை தயாரித்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. அட்டை உறை எப்படிச் செய்வது என்று தெரியாமல், கையிலிருந்த ஓர் இங்கிலாந்து ரெக்கார்டு உறையைப் பசை பிரித்து விரித்து, அதன்மேல் வைத்து வரைந்து, அந்த அளவில் அச்சடித்து, பிறகு கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து கையாலேயே வெட்டி மடித்து ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கில். நண்பர்கள் வந்தால் அவர்கள் கையிலும் ஒரு கத்தரிக்கோல். பொள்ளாச்சியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் நான், ஆயிரம் அட்டையை நேராக மடிப்பது என்றால் என்ன என்று என் கட்டைவிரலுக்குத் தெரியும்.

இப்போது முதல் தட்டு. டீன் ஐடில்ஸில் தொடங்கி எஸ்.ஓ.ஏ., மைனர் த்ரெட், கவர்ன்மென்ட் இஷ்யூ, யூத் பிரிகேட், வாய்ட், ஃபெய்த் என்று ஏறத்தாழ வெளிவந்த வரிசையிலேயே போகிறது. ஹார்ட்கோர் என்று பிறகு பெயர் வாங்கிய இசை இது, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு. நெம்மாறை வேலா திருவிழாவில் வெடிக்கட்டு என்ற வாணவேடிக்கையின் கடைசி நேரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், எல்லாம் ஒன்றாக வெடிக்கும் அந்தக் கூட்டப்பொரிச்சலை முதலிலேயே வைத்துவிட்டால் எப்படி இருக்கும், அதுதான். முதல் தடவை ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் வித்தியாசமே தெரியாது. விடாமல் கேளுங்கள். எஸ்.ஓ.ஏ.வில் தொண்டை கிழியக் கத்துவது ஹென்றி ராலின்ஸ், அப்போது ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த சொந்தக் காசில் அந்த ரெக்கார்டைப் போட்டவர், 1981-லேயே பிளாக் ஃபிளாக் குழுவில் சேரக் கலிஃபோர்னியா போய்விட்டார். வாய்ட் குழு எப்போது வேண்டுமானாலும் உடைந்து சிதறிவிடும் என்பது போலவே வாசிக்கிறது, எனக்கு முதல் தட்டில் ஒட்டிக்கொண்டது அவர்கள்தான். ஸ்க்ரீம் வேறு வகை, பாட்டு கட்டத் தெரிந்தவர்கள். 1983-ல் டிஸ்கார்ட் ஒரே குழுவுக்காக வெளியிட்ட முதல் முழு ஆல்பம் அவர்களுடையது. பின்னாளில் அங்கே டிரம்ஸ் வாசிக்க வந்த டேவ் குரோல்தான் அப்புறம் நிர்வாணாவுக்குப் போனவர்.

மெக்கேய் அடுத்துப் பாடிய மைனர் த்ரெட்டிடமிருந்துதான் குடிக்காதே, புகைக்காதே என்ற ஸ்ட்ரெய்ட் எட்ஜ் இயக்கமே புறப்பட்டது. மெக்கேய் அதை இயக்கமாக நினைத்து எழுதவில்லை, தன்னைப் பற்றி எழுதினார், உலகம் கொடி பிடித்துக்கொண்டது. கேரளாவுக்கே கள் இறக்கி அனுப்பும் சித்தூர் தாலுகாவில் உட்கார்ந்து இதைக் கேட்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. என் மாமா ஒருவர் பாதி கேட்டுவிட்டு, "இவ்வளவு ஆத்திரம் குடிக்காமலேயே வருதா மாப்ளே?" என்று கேட்டார். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. மது விற்கும் கிளப்புகளில் வயது குறைந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் டீன் ஐடில்ஸ் வாசிக்கப் போன கிளப்பில், குடிக்கக் கூடாதவர்கள் என்று அடையாளம் தெரிய அவர்கள் கைகளில் பெருக்கல் குறி போட்டு உள்ளே அனுப்பினார்கள். ஊர் திரும்பி, இப்படியாவது எங்களை விடுங்கள் என்று கேட்டுத்தான் வாஷிங்டனில் இடம் பிடித்தார்கள். அந்தக் குறி கடைசியில் ஓர் இயக்கத்தின் சின்னமே ஆகிவிட்டது.

முதல் தட்டின் பின்பாதியில் வேகம் குறைந்து வேறொன்று வருகிறது. 1985 கோடையை ஒட்டி ஊரின் அடிதடிக் கூட்டத்தை வெறுத்துப்போன பழைய ஆட்களே புதுக் குழுக்கள் தொடங்கினார்கள். கீ பிச்சியாட்டோ பாடிய ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், மெக்கேயின் எம்பிரேஸ், பீஃப்ஈட்டர் எல்லாம் அந்தக் காலத்தவை. இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் எமோ என்று கேட்கும் உணர்ச்சி பொங்கும் ராக் எல்லாம் கொடி பிடித்துத் தேடிப் போனால் இங்கே வந்து நிற்கும். இந்த இடத்தில்தான் ஒரு குழுவுக்கு ஒரு பாட்டு என்ற கணக்கு உதைக்கிறது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும் குழு, ஒரே பாட்டில் விட்டுவிட்டுப் போவது பந்தியில் பாயசம் வரும்போது இலையை எடுத்த கதை. முழுக்கப் பெண்களே இருந்த ஃபயர் பார்ட்டிக்கும் இன்னும் இரண்டு கொடுத்திருக்கலாம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பெட்டியின் உண்மையான கதை அதுதான். டிஸ்கார்டில் ஒப்பந்தப் பத்திரம் கிடையாது, கைகுலுக்கல்தான். செலவு போக வருவதில் குழுவுக்கும் லேபிளுக்கும் பங்கு. ரெக்கார்டு உறையிலேயே அஞ்சல் செலவு உட்பட விலையை அச்சடித்தார்கள், கடைக்காரன் அதிகம் கேட்டால் நேராக எங்களிடம் வாங்கு என்று அர்த்தம். 1987-ல் தொடங்கிய மெக்கேயின் ஃபுகாசி டிக்கெட்டை ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருந்தது, எந்த வயதினரும் வரலாம் என்ற இடத்தில்தான் வாசித்தது, சட்டை அச்சடித்து விற்க மறுத்தது. 1991-ல் நிர்வாணா வெடித்த பிறகு பெரிய கம்பெனிகள் பங்க் குழுக்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த நாட்களிலும் அவர்கள் அசையவில்லை. பெட்டி வெளியான அதே 2002-ல்தான் எங்கள் பக்கத்து பிளாச்சிமடையில் மயிலம்மாவும் அந்தப் பெண்களும் குளிர்பான ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே போனது குடிதண்ணீர், இங்கே வெறும் பாட்டு, இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். இருந்தாலும் பெரிய பணம் வாசலுக்கு வரும்போது வேண்டாம் என்று சொல்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தெரிவதில்லை.

எல்லாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இரண்டாம் தட்டில் இருக்கும் ஜாபாக்ஸ் அட்லாண்டிக் என்ற பெரிய கம்பெனிக்கும், ஷடர் டு திங்க் எபிக் என்ற பெரிய கம்பெனிக்கும் போனார்கள். டிஸ்கார்ட் தடுக்கவில்லை, பத்திரமே இல்லாதபோது எதைக் காட்டித் தடுப்பது? அவர்களுடைய பாட்டும் இந்தப் பெட்டியில் மரியாதையாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஜாபாக்ஸ் 1994-ல் அட்லாண்டிக்குக்காகச் செய்த ஆல்பம் 2009-ல் டிஸ்கார்ட் வழியாகவே மறுபடி வந்தது.

இசையாக மட்டும் பார்த்தால் இரண்டாம் தட்டுதான் சிறந்தது. நேஷன் ஆஃப் யுலிசிஸின் கோட்டு சூட்டுக் கலகம், லங்ஃபிஷ்ஷின் மந்திரம் ஓதுவது போன்ற ஒரே சுற்று, ஸ்லான்ட் 6-இன் வறண்ட கூர்மை, கணக்கு வாத்தியார் மாதிரி தாளத்தைப் பிரித்துப் பிரித்து அடுக்கும் ஃபாராகெட் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே ஸ்டுடியோ, இருபது வருடத்தில் இத்தனை குரல். இந்த இசை புதிது என்பவர்கள் முதல் தட்டை ஒதுக்கிவிட்டு இதில் தொடங்குங்கள்.

மூன்றாம் தட்டில் வெளிவராத பதிவுகள். ஏற்கெனவே பித்துப் பிடித்தவர்களுக்கு மட்டும். ஒலி பல இடங்களில் சுமார், என் பிரதியில் கீறல் வேறு. நான் அதிகம் போடுவதில்லை.

சிறுபுத்தகம்தான் இந்தப் பெட்டியை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் குறிப்பு, யார் என்ன வாசித்தார், எப்போது சேர்ந்தார், ஏன் பிரிந்தார், கூடவே படங்கள். வியர்வையில் நனைந்த பையன்கள், மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு தடுப்பும் இல்லாத அறைகள். பெருமை பேசாமல் பதிவேடு மாதிரி எழுதியிருக்கிறார்கள். குறை சொன்னால், எழுத்து பொடி, நாற்பது தாண்டிய கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், மாலை வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து படிக்க முடியாது. சண்டைகளையும் கொஞ்சம் மேலோட்டமாகத்தான் தொடுகிறார்கள். லேபிளே எழுதும் சரித்திரத்தில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். நகரத்தில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள் இருந்தும் இந்தக் குழுக்களில் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள் என்பதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

சிடி போட வழியில்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம், பேண்ட்கேம்ப் என்ற இசை விற்கும் இணையதளத்தில் டிஸ்கார்ட் ரெக்கார்டுகள் கிடைக்கின்றன. ஃபுகாசியின் நூற்றுக்கணக்கான மேடைப் பதிவுகளையும் 2011 முதல் இணையத்தில் போட்டு வருகிறார்கள். தொடங்கியபோது ஒரு நிகழ்ச்சிக்கு ஐந்து டாலர் என்று போட்டிருந்தது, முடியாதவர்கள் ஒரு டாலர் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார்கள். பெட்டிதான் வேண்டும் என்றால் பழைய பிரதியாகத் தேடுங்கள், பணம் அனுப்புவதற்கு முன் முதுகையும் மூன்றாம் தட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. குறைந்த ஒன்றில் பாதி ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்குக்காக, பாதி அந்தப் பொடி எழுத்துக்காக.