பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா: வட சென்னை எந்தப் பக்கம்?

டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டிகளில் சோனியின் பிளேஸ்டேஷனுக்கும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்கும்தான் போட்டி. அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் சொந்த ஊர்ப் பிள்ளை. எக்ஸ்பாக்ஸ் 360 அங்கே பிளேஸ்டேஷன் 3-ஐயே முந்தியது. ஜப்பானிலோ 2002-இல் நுழைந்தும் மைக்ரோசாஃப்டால் காலூன்ற முடியவில்லை. அங்கே உள்ளூர் நிறுவனங்களான சோனி, நின்டெண்டோ ராஜ்ஜியம்.

வட சென்னையும் சோனி பக்கம்தான், ஆனால் காரணம் வேறு. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. நம்ம பக்கம் அதைச் சொந்தமாக வாங்கியவர்களைவிட, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து கேம் கடையில் ஆடியவர்களே அதிகம். வியாசர்பாடியில் கால்பந்து உயிர். மைதானத்தில் ஆடியது போக மிச்சத்தை டிவியில் ஆடினார்கள். அந்தப் பாசம் அப்படியே அடுத்தடுத்த மாடல்களுக்கும் போய்விட்டது.

விலையைப் பார்த்தால் எக்ஸ்பாக்ஸ்தான் இங்கே ஜெயித்திருக்க வேண்டும். வெளியானபோது எக்ஸ்பாக்ஸின் சீரிஸ் எஸ் மாடல் 34,990 ரூபாய், டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5 49,990. அப்புறம் எக்ஸ்பாக்ஸுக்கு மாதச் சந்தாவில் ஏகப்பட்ட கேம்கள். ஆனால் சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் போட முடியாது, கேமை இணையத்தில் இருந்துதான் இறக்க வேண்டும். ஒரு டிஸ்க்கை ஆடி முடித்து நண்பனுக்குக் கொடுப்பது, பழையதை விற்றுப் புதியது வாங்குவது எல்லாம் போச்சு. வீட்டில் நல்ல பிராட்பேண்ட் இருந்தால் தயங்காமல் சீரிஸ் எஸ் வாங்கலாம். அதை இங்கே யாரும் மதிக்காதது எனக்கு வருத்தம்தான். தெருவோடு சேர்ந்து ஆடுகிறவர்களுக்கு டிஸ்க் உள்ள பிளேஸ்டேஷனே சரி.