களியக்காவிளை முதல் தூத்தூர் வரை: ஃபுட்பால் பார்க்க எந்த கனெக்‌ஷன்?

ஒரே கனெக்‌ஷனில் எல்லா லீகும் கிடைக்காது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2025 முதல் 2028 வரை ஜியோஸ்டார் கையில்: டிவியில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ், போனில் ஜியோஹாட்ஸ்டார். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் 2027 வரை சோனி. ஸ்பெயினின் லா லிகா 2025-26 சீசனிலிருந்து ஃபேன்கோடு ஆப்பில். வீட்டில் மான்செஸ்டர் ரசிகரும் பார்சிலோனா ரசிகரும் சேர்ந்து இருந்தால் மூன்று இடத்தில் பணம் கட்ட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையோரத்தில், கொல்லங்கோட்டிலும் தூத்தூரிலும், அப்படிப்பட்ட வீடுகளுக்குக் குறைவில்லை. நம்ம இரவிபுத்தன்துறை ஃபுட்பால் வீரர் மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆடப் போன நாளிலிருந்து அதுவும் பார்க்க வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிட்டது.

கம்பெனிகளுக்குள் போட்டி இருந்தால் விலை குறைய வேண்டும் என்றுதான் தோன்றும். அரிசிக்கடைக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. ஆர்சனல் மேட்ச் ஒரு கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கிறது, அதே மேட்சை பக்கத்துக் கம்பெனி குறைந்த விலைக்குத் தர முடியாது. போட்டி நடப்பது உரிமை ஏலத்தில். அங்கே போட்டி கூடினால் ஏலத்தொகை ஏறும், ஏறிய தொகை நம் ரீசார்ஜில் வந்து உட்காரும். பிரிட்டனில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 2013-ல் பி.டி. ஸ்போர்ட் என்ற சேனல் வந்து, அதுவரை கோலோச்சிய ஸ்கை சேனலோடு மல்லுக்கு நின்றது. 2016-19 காலத்துக்கான பிரீமியர் லீக் உள்நாட்டு உரிமை 513 கோடி பவுண்டுக்கு மேல் போனது. ரசிகருக்குக் கிடைத்தது இரண்டாவது சந்தா. ஏலத்தில் தாங்காதவர்கள் கவிழ்ந்தார்கள்: 2002-ல் ஐடிவி டிஜிட்டல், 2009-ல் செட்டாண்டா.

ஏலத்தில் ஆளே குறைந்தாலும் ரசிகருக்கு லாபமில்லை. 2024 நவம்பரில் ஸ்டாரும் வயாகாம்18-உம் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆனதால், இந்தியாவில் பெரிய தொகை போடக்கூடிய விளையாட்டு ஒளிபரப்பாளர்களில் ஒருவர் குறைந்தார். சின்ன லீக்குகளின் கதி அப்போதிலிருந்து இன்னும் நிலையில்லாமல் ஆகிவிட்டது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நாம் லண்டன்காரரை விட மேல். அங்கே சனிக்கிழமை பகல் 2.45 முதல் 5.15 வரை நேரலை ஃபுட்பால் காட்டக் கூடாது, ஸ்டேடியத்துக்குக் கூட்டம் குறையக் கூடாது என்று 1960-களிலிருந்து இருக்கும் கட்டுப்பாடு. அதனால் பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் மேட்சுகள் அவர்களுக்கு நேரலையில் கிடைக்காது. இந்தியாவுக்கு அந்தத் தடை இல்லை. சீசனில் மொத்தம் 380 மேட்ச், அத்தனையையும் இங்கே காட்டலாம்.

இந்தத் தொழிலில் எதுவும் நிலையில்லை என்பதற்கு லா லிகாவே சாட்சி. 2018 முதல் 2021 வரை ஃபேஸ்புக்கில் இலவசம். பிறகு வயாகாம்18. 2024-25-ல் ஜி.எக்ஸ்.ஆர். என்ற நிறுவனம். இப்போது ஃபேன்கோடு. ஐ.எஸ்.எல். 2014-லிருந்து ஸ்டாரில் இருந்தது, 2023-ல் வயாகாம்18-க்குப் போனது. 2025-26 சீசனோ ஒப்பந்தச் சிக்கலில் இழுத்து 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஆக, லீக்கை நம்பி மூன்று வருடப் பேக்கேஜ் எடுக்கக் கூடாது. பிரீமியர் லீக் ஆகஸ்ட் முதல் மே வரை. வருடச் சந்தாவை ஜனவரி தள்ளுபடியில் எடுத்தால் நடுவில் இரண்டரை மாதம் மேட்ச் இல்லாமல் ஓடும். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் எடுத்தால் சீசன் முழுக்க ஒரே கட்டணத்தில் அடங்கும்.

இனி கேபிள். கேரள எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கம் அரசு கேபிளும் தனியார் கேபிள்களும், பாறசாலைப் பக்கம் கேரளத்து ஆபரேட்டர்களே சேர்ந்து நடத்தும் கேரளா விஷனும் ஏசியாநெட்டும். செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கிறது, வித்தியாசம் பேக்கில். தமிழ்ப் பேக் என்றால் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடுகிறோம். அது முக்கியமாக கிரிக்கெட் சேனல். பிரீமியர் லீக்குக்கு வேண்டியது ஸ்டார் ஸ்போர்ட்ஸ் செலக்ட் 1, செலக்ட் 2. சோனியில் டென் 4 தமிழும் தெலுங்கும் பேசும் சேனல். சாம்பியன்ஸ் லீக் மேட்ச் எந்த எண்ணில் வரும் என்பது இரவுக்கு இரவு மாறும், டென் 1, 2, 5 மூன்றும் இருந்தால்தான் நிம்மதி.

இங்கேதான் கேபிள்காரரோடு பேச்சு தொடங்கும்.

“அண்ணே, செலக்ட் மட்டும் தனியா போட்டுத் தாங்க.”

“தனியா போட்டா கூடுதலாகும் தம்பி, பெரிய பேக்கையே போட்டுக்கலாமே.”

அவர் சொல்வது பாதி உண்மை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி 2019-லிருந்து எந்தக் கட்டணச் சேனலையும் தனியாக எடுக்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, ஆபரேட்டர் மறுக்க முடியாது. பேக்கில் சேர்க்கும் சேனலின் தனிவிலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 22 ரூபாய் 42 பைசா. ஐந்து ஃபுட்பால் சேனலைத் தனியாக எடுத்தால், அத்தனையும் உச்ச விலையிலேயே இருந்தாலும், மாதம் 112 ரூபாய்தான். அதோடு சேனல் விலைக்கு மேல் ஆபரேட்டர் வாங்கும் நெட்வொர்க் கட்டணம். முன்பு அதற்கு 130 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது, வரியோடு 153.40. 2024-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், இப்போது ஆளுக்கு ஆள் மாறும். சீரியல் சேனல் வேண்டாத வீட்டுக்குத் தனிச் சேனல் கணக்கு நிச்சயம் லாபம். எல்லாம் வேண்டும் என்கிற வீட்டுக்கு கேபிள்காரர் சொன்ன பேக்தான் சரி. எதுவானாலும் மாத ரசீதைக் கேட்டு வாங்குங்கள், சேனல் பெயர் அதில் இருக்க வேண்டும். ஜூனில் செலக்ட் சேனல்களை நிறுத்திவிட்டு ஆகஸ்டில் திரும்பப் போடலாம், அதற்கும் உரிமை உண்டு.

கடலோரத்தில் கேபிளுக்கு எதிரி உப்புக்காற்று. படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டுவிட்டு வருகிறது, அதுவும் ஒருசில சேனல்களில் மட்டும் என்றால் பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் பின்பக்கத்தில் கேபிள் ஒயரின் முனையில் இருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் துருத்தும் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும், உள்ளே வெள்ளிநிற வலை கறுத்திருக்கும். ஒரு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கனெக்டரை கிரிம்பிங் டூலால் அழுத்திப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். கையால் முறுக்கிப் போடும் கனெக்டர் ஒரு மழைக்காலம் தாண்டாது. சுவருக்கு வெளியே இருக்கும் இணைப்புகளில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்ற வேண்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை விட்டுப்போய் உள்ளே தண்ணீரைத் தேக்கும்.

இன்னொன்று கரண்டு. கோஆக்ஸ் (பழைய செம்புக்கம்பி) கேபிள் என்றால் தெருவில் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கும் நோடு என்ற இணைப்புப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். துலாமழை இடியில் ஊரே இருண்டுபோனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. வீடு வரை ஃபைபர் வந்திருந்தால் நடுவழியில் மின்சாரம் தேவைப்படும் பெட்டி இருக்காது. ஆபரேட்டர் ஆபீசில் பேக்கப் இருந்து, உங்கள் வீட்டில் ஃபைபர் வந்து சேரும் 12 வோல்ட் ஓ.என்.யு. பெட்டிக்கு ஒரு சின்ன மினி யு.பி.எஸ். இருந்தால் மேட்ச் ஓடும். கனெக்‌ஷன் எடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

டி.டி.எச். பற்றிச் சுருக்கமாக. பேக் தேர்வு முகவரியைப் பார்த்து அல்ல, உங்கள் விருப்பப்படி. களியக்காவிளையில் இருந்துகொண்டு மலையாளப் பேக்கை எடுப்பதில் எந்தத் தப்பும் இல்லை. கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதால் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் உயரத்தில் நிற்கிறது. கிழக்கு 83 டிகிரியில் இருப்பதற்கு ஏற்றக்கோணம், அதாவது தரையிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் கோணம், கிட்டத்தட்ட 78 டிகிரி. எதிர்வீட்டு மாடி மறைக்காது, ஆனால் பக்கத்துத் தென்னையின் ஓலை மறைக்கும். டிஷ் வைத்த அன்று நன்றாக இருந்து வருடம் கழிந்து காற்றடிக்கும்போது மட்டும் சிக்னல் போனால் மேலே பாருங்கள். கனமழையில் டி.டி.எச். பயன்படுத்தும் கே.யு. பேண்ட் சிக்னல் போவதற்கு மருந்து இல்லை, பெரிய சி-பேண்ட் டிஷ் வைத்த கேபிள் ஆபீஸ் அப்போதும் தாக்குப்பிடிக்கும்.

ஆப்களில் விலையை விட எந்தத் திரையில் ஓடும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது மொபைல் பிளான் வருடம் 499, சூப்பர் 899, பிரீமியம் 1499. 499-ஐக் கட்டிவிட்டு டிவியில் போடப் பார்த்தால் ஓடாது, அது ஒரே ஒரு போனுக்கு. டிவி வேண்டுமானால் குறைந்தது சூப்பர், இரண்டு கருவி. அவை தொடக்க விலைகள், கட்டும் அன்றைக்கு ஆப்பில் காட்டும் விலைதான் கணக்கு. பிரீமியம் எடுத்தாலும் நேரலையில் விளம்பரம் வரும். பிராட்பேண்டோடு “ஓ.டி.டி. இலவசம்” என்று வருவதில் பல நேரம் மொபைல் பிளான்தான் ஒளிந்திருக்கும், கேட்டுவிட்டு எடுங்கள். ஃபேன்கோடில் ஒரு மேட்சுக்கு மட்டும் பாஸ் வாங்க முடியும். ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் மோதும் எல் கிளாசிகோ தவிர லா லிகாவில் வேறெதுவும் வேண்டாம் என்பவருக்கு அதுவே போதும்.

மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கி ஏமாறுவது அடுத்தது. பாக்ஸில் வைட்வைன் (திருட்டுப் பதிவைத் தடுக்கும் பூட்டு) எல்1 சான்று இல்லாமல் எல்3 மட்டும் இருந்தால், என்ன பிளான் கட்டினாலும் ஆப் எச்.டி. தராது, பந்து புகைமூட்டத்தில் உருளும். டி.ஆர்.எம். இன்ஃபோ என்ற ஆப்பைப் போட்டுப் பார்த்தால் எல்1-ஆ எல்3-ஆ என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

டேட்டா கணக்கு இப்படி: 720 படத் தரத்தில் நொடிக்கு 3 மெகாபிட் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு 2.7 ஜி.பி., 1080-ல் 6 மெகாபிட் என்றால் 5.4 ஜி.பி. தினம் 1.5 ஜி.பி. போன் பேக்கில் இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். வீட்டு வைஃபையில் தடங்கல் என்றால் 2.4-ஐ விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், முடிந்தால் டிவிக்கு லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். இரவு எட்டரை மணி மேட்சுக்கு ஊரே ஆன்லைனில் இருக்கும். நள்ளிரவு மேட்சுக்கு அதே கனெக்‌ஷன் பிரமாதமாக ஓடுவதன் ரகசியம் அவ்வளவுதான்.

ஆப்பின் தீராத குறை தாமதம். வீடியோவைச் சுமார் 6 நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள், இரண்டு மூன்று துண்டு சேர்ந்த பிறகே பிளேயர் ஓட்டத் தொடங்கும். அதனால் கேபிளை விட அரை நிமிடம் வரை பின்தங்கும். தெரு நெருக்கமான மீனவ ஊர்களில் இது கொடுமை: உங்கள் திரையில் பெனால்டிக்குப் பந்தை வைத்துக்கொண்டிருப்பார், கேபிள் வைத்திருக்கும் அடுத்த வீடு அதற்குள் கூவி முடித்திருக்கும். ஸ்கோர் ஆப்பின் நோட்டிஃபிகேஷனையாவது அணைத்து வையுங்கள்.

கேபிளால் முடியாத ஒன்றை ஆப் செய்கிறது. புது முறைச் சாம்பியன்ஸ் லீக்கில் 36 அணி, லீக் சுற்றின் கடைசி இரவில் 18 மேட்சும் ஒரே நேரத்தில். எத்தனை டென் சேனல் இருந்தாலும் போதாது. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் சோனியின் ஆப்பான சோனி லிவ் எடுத்துவிட்டு, மற்ற மாதங்களுக்கு டிவிச் சேனலோடு நிறுத்திக்கொள்வது சிக்கனம்.

நேரம் தப்புவதும் இங்கே வழக்கம். அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரம் பின்னே போகும். இங்கிலாந்தில் பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் மேட்ச் அதுவரை நமக்கு இரவு 7.30, அதன்பிறகு இரவு 8.30. சாம்பியன்ஸ் லீக் பெரிய மேட்ச் நள்ளிரவு 12.30 என்பது 1.30 ஆகும், மார்ச் கடைசி ஞாயிறில் பழையபடி திரும்பும். செவ்வாய் மேட்ச் என்றால் நம் காலண்டரில் புதன் அதிகாலை, ரெக்கார்டிங் போடுபவர்கள் தேதியைக் கவனியுங்கள். 2026 ஃபைனலை ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யூஃபா மாலைக்கு மாற்றியது: மே 30, புடாபெஸ்ட், நம் நேரம் இரவு 9.30. விடியக் காலையில் கடலுக்குப் போகிறவர்களும் பார்த்துவிட்டுத் தூங்கக்கூடிய நேரம் அது.

கிளப்பிலோ வாசகசாலையிலோ புரொஜெக்டர் வைத்துக் காட்டுவது பற்றி: வீட்டுச் சந்தா வீட்டுக்கு மட்டும். பொது இடத்தில் காட்ட, அதுவும் டிக்கெட் வைத்தால், வணிகக் கனெக்‌ஷன் வேண்டும். இங்கிலாந்தில் ஸ்கை கட்டணம் தாங்காமல் போர்ட்ஸ்மவுத் பப் நடத்திய கேரன் மர்ஃபி கிரீஸ் நாட்டு டிகோடர் கார்டைப் போட்டுக் காட்டினார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2011-ல் அந்த கார்டை வாங்கத் தடை போட முடியாது என்று தீர்ப்பானது. நம்மிடம் அப்படி ஒரு வெளிநாட்டு வழி கிடையாது, ஆபரேட்டரிடம் எழுத்தில் வணிகக் கட்டணம் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

கடைசியாக தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டி.டி. ஃப்ரீ டிஷ். தேச முக்கியத்துவம் என்று அரசு அறிவித்த போட்டிகளின் சிக்னலை தனியார் சேனல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குத் தர வேண்டும் என்பது 2007 சட்டம். உலகக்கோப்பையின் முக்கிய மேட்சுகள் அதில் வரும். ஆனால் அந்த சிக்னலை தூர்தர்ஷன் தன் சொந்த ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கேபிளில் வரும் டி.டி. ஸ்போர்ட்ஸில் அதே நேரம் வேறு ஏதாவது ஓடும். கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை. கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளுக்குத் திருப்பி ஒரு சின்ன டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வைத்துவிட்டால் மாதச் சந்தா கிடையாது. டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி.யின் மூடியை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள், உப்பு அதையும் விடாது.