பிச்சாவரத்துச் சேற்றில் பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21

பைனாகுலர் வாங்குகிறவர்கள் எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்பார்கள். எனக்கு எவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்பதுதான் கணக்கு. பிச்சாவரத்தில் துடுப்புப் படகு குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்ததும், தண்ணீர் இறங்கிய சேற்றுக் கரையில் மட்ஸ்கிப்பர் மீன்கள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும். சாதாரண பைனாகுலரில் அந்தத் தூரத்தில் வெறும் மங்கல்தான். பென்டாக்ஸின் பாப்பிலியோ பைனாகுலர் அரை மீட்டர் கிட்டத்திலும் ஃபோகஸ் ஆகிறது. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யச் செய்ய முன்பக்க லென்ஸ்கள் ஒன்றையொன்று நெருங்கி வருவதால், இரண்டு வட்டமாகப் பிரியாமல் ஒரே படமாகத் தெரிகிறது.

நான் பார்ப்பது அந்த மீனின் கண்ணை. தலை உச்சியில் துருத்திக்கொண்டு நிற்கும். திடீரென்று ஒன்று உள்ளே போய் வெளியே வரும். அதுதான் இமைப்பு. கண்ணீர்ச் சுரப்பி கிடையாது. கண்ணையே கீழே இழுத்து, தோல் குழிக்குள் நனைத்துக்கொள்கிறது. இதை வெறுங்கண்ணால் பிடிப்பது கஷ்டம்.

நாம் தண்ணீருக்குள் கண் திறந்தால் எல்லாம் மங்குவது ஏன்? நம் கண்ணில் ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு, கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலமான கார்னியாவுடையது. நீரில் அதற்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அதனால் மீன்கள் முழு உருண்டை லென்ஸை நம்புகின்றன. குழம்பில் வெந்த கண்ணிலிருந்து வெள்ளையாக உதிருமே, அதுதான். அந்த லென்ஸோடு காற்றுக்கு வந்தால் கார்னியாவும் சேர்ந்து வளைத்து, கிட்டப்பார்வையாகிவிடும். மட்ஸ்கிப்பரின் லென்ஸ் சற்றே தட்டை, அதனால் கரையில் பார்வை தெளிவு. தென் அமெரிக்க அனாபிளெப்ஸ் மீன் இன்னும் கெட்டிக்காரன். பாதிக் கண்ணை நீருக்கு மேலே வைத்து நீந்தும். ஒரு கண்ணுக்கு இரண்டு கண்மணி, முட்டை வடிவ லென்ஸ். காற்றின் ஒளி தட்டைப் பக்கமாகவும் நீரின் ஒளி வளைவு கூடிய பக்கமாகவும் போகிறது. அதைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சரி, கருவிக்கு வருவோம். எடை 290 கிராம், கழுத்து வலிக்காது. இது 6.5 மடங்கு பெரிதாக்கும். 8.5 மடங்கிலும் கிடைக்கிறது, ஆனால் ஆடும் படகில் 6.5தான் நிலையாக நிற்கும். முன் லென்ஸ் 21 மில்லிமீட்டர் என்பதால் மாலை வெளிச்சத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். தூரத்துப் பறவைக்கு வேறு வாங்குங்கள். நீர்புகா வகையும் அல்ல. துடுப்பு தெறிக்கும், ஒரு பிளாஸ்டிக் கவர் கையோடு இருக்கட்டும்.