புது பைப் போட்டு ஒன்றரை வருடம்: தண்ணீர் அருமை, அது போகும் வழிதான் கோளாறு

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் தோழி போன வாரம் போன் செய்தாள். "உங்க வீட்டுல பைப் எல்லாம் மாத்தினியே, எவ்வளவு ஆச்சு? அந்த ஆளையே எங்க வீட்டுக்கும் கூப்பிடலாமா?" முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதை ஆரம்பித்ததுதான், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று அவள் போனை வைக்கும்வரை நிறுத்தவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எங்களுடையது அங் மோ கியோவில் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, எழுபதுகளின் கடைசியில் கட்டிய புளோக். வாசலுக்கு வெளியே இருக்கும் மீட்டரிலிருந்து சமையலறை, குளியலறை, கழிவறை வரை நல்ல தண்ணீர் லைன் முழுவதையும் 2024 நடுவில் மாற்றினோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப், சுவருக்கு வெளியே தெரிகிற மாதிரி. 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு 2,350 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வேலை ஒரே நாளில் முடிந்தது, சாயங்காலம் தண்ணீர் வந்துவிட்டது.

சுவருக்குள் மறைத்துப் போட ஐயாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. டைல்ஸ் உடைக்க வீவக அனுமதி வேண்டும், வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளர்தான் (கான்ட்ராக்டர்) செய்ய வேண்டும். உடைக்கிற சத்தமெல்லாம் வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனிக்கிழமைகூடக் கூடாது. கட்டடத்தைத் தாங்கும் சுவராக இருந்தால் கொத்தவே விட மாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகும் பழைய டைல்ஸுக்கு ஜோடி கிடைக்காமல் சுவரில் ஒட்டுப்போட்டுத்தான் நிற்கும். வெளியே ஓடும் பைப்பே நல்லது என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் இன்றைக்கும் எனக்கு மனக்குறை கிடையாது.

"வீட்டு மேம்பாட்டுத் திட்டம் வரும்வரை காத்திருக்கலாமே" என்று பலர் சொல்வார்கள். 1986 வரை கட்டிய வீவக வீடுகளுக்கு 2007ல் வந்த அரசாங்கத் திட்டம் அது. 2018ல் 1997 வரை கட்டிய வீடுகளுக்கும் நீட்டினார்கள். அதில் குடியுரிமை உள்ளவர்களுக்கு இலவசமாகச் செய்து தரும் கட்டாய வேலைகள் என்றால் பெயர்ந்த கான்கிரீட்டைச் சரிசெய்வது, கழிவுநீர்ப் பைப்பை மாற்றுவது, மின்சாரத் திறனைக் கூட்டுவது, மூங்கில் கழி செருகும் ஓட்டைக்குப் பதிலாகத் துணி காயப்போடும் கம்பி வைப்பது, அவ்வளவுதான். வீட்டுக்குள் ஓடும் நல்ல தண்ணீர் லைன் அந்தப் பட்டியலில் இல்லை. கழிவுநீர்ப் பைப்பையும் நல்ல தண்ணீர்ப் பைப்பையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார்கள்.

நாங்கள் மாற்றியதற்குக் காரணம் ஜி.ஐ. பைப். இரும்புக்கு மேல் துத்தநாகம் பூசியது. பூச்சு போனதும் உள்ளே துரு பிடித்து, அது கட்டி கட்டியாக வளர ஆரம்பிக்கும். மீட்டர் வரை வரும் தண்ணீர் சுத்தம். அங்கிருந்து குழாய் வரைக்கும் நம் வீட்டு இரும்புக்குள் வருகிறது. காலையில் முதலில் திறந்தால் வெளிறிய தேத்தண்ணி நிறத்தில் கொஞ்ச நேரம் ஓடும். அம்மா சமையலறைக் குழாயில் வெள்ளைத் துணி ஒன்றைப் பையாகக் கட்டி வைத்திருப்பார். இரண்டு நாளில் அது காவித் துணி. வேலை நடந்த அன்று வெட்டிப் போட்ட பழைய துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே கட்டைவிரல் தடிமன். உள்ளே செம்பழுப்புக் கட்டிகளுக்கு நடுவில் பென்சில்கூட நுழையாத ஓர் ஓட்டை. இத்தனை வருடம் இதன் வழியாகத்தான் சாதம் வைத்தோமா என்று அம்மா முகத்தைச் சுளித்தார்.

வேலை செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. உரிமம் பெற்ற பிளம்பர் ஒரு சீனப் பெரியவர், அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். நீங்களும் பாருங்கள். குழாய்த் தலையை மாற்ற யார் வேண்டுமானாலும் போதும், லைனில் கைவைக்க உரிமம் இருக்க வேண்டும். அவரோடு வந்த தம்பிக்குப் புதுக்கோட்டைப் பக்கம். பைப்பை அளவெடுத்து வெட்டி, விளிம்பில் இருந்த பிசிரை ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்தார். "ரப்பர் வளையத்தை இந்தப் பிசிர் கிழிச்சிடும்கா, இன்னைக்கு ஒழுகாது, ஆறு மாசம் கழிச்சு ஒழுகும்" என்றார். மூட்டுக்குள் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று மார்க்கரால் கோடு போட்டு, செருகி, பேட்டரிக் கருவியின் தாடையால் ஒரு கவ்வு. நெருப்பு இல்லை, புகை இல்லை. எல்லா மூட்டையும் முடித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்து, டிஷ்யூ தாளால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அம்மா அவருக்கு மட்டும் இரண்டு தடவை தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

தண்ணீர் வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். வீட்டுக்குள் வரும் முக்கிய லைன் 22 மில்லிமீட்டர், பிரிந்து போவது 15. முதல் நாள் குளிக்கும்போது ஷவரை முழுசாகத் திறந்துவிட்டுத் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தேன். வாளி நிறையும் நேரத்தில் பல் தேய்த்து முடிப்பது என் பழக்கம், இப்போது பேஸ்ட் மூடியைத் திறப்பதற்குள் வாளி வழிகிறது. அம்மாவின் வெள்ளைத் துணி மூன்று மாதம் வெள்ளையாகவே இருந்ததும் அவரே அவிழ்த்து எறிந்துவிட்டார். மாதா மாதம் வாங்கிய ஃபில்டர் செலவும் நின்றது. ஒன்றரை வருடத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இனி வழி.

வேலைக்கு முன் அங்கிள் வீட்டைப் பார்க்க வந்தபோது, வாசலுக்கு மேலே நுழைந்து, கூடத்தின் வலது மூலையில் கூரையை ஒட்டிப் போய், சமையலறைக்குள் திரும்பும் என்று கையால் காட்டினார். சரி என்றேன். அன்றைக்கு நான் அரைநாள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், பைப் இடது பக்கமாகப் போயிருக்கிறது. இடது சுவரில்தான் எங்கள் சாமி அலமாரி. முருகன், மாரியம்மன், அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த பிள்ளையார், எல்லாருடைய தலைக்கும் ஒரு சாண் மேலே பளபளவென்று நீள நெடுக எவர்சில்வர் பைப்.

கேட்டேன். வலது பக்கம் ஏர்கான் பைப்பையும் மின்கம்பியையும் மறைக்கும் மூடிகள் இருக்கின்றன, அதைத் தாண்ட இரண்டு மூன்று எல்போ (வளைவு மூட்டு) கூடுதலாகப் போட வேண்டும், எல்போ கூடினால் அழுத்தம் குறையும், மூட்டு கூடினால் ஒழுகவும் வாய்ப்புக் கூடும் என்றார் அங்கிள். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் இரண்டு எல்போவில் ஷவர் ஒன்றும் செத்துவிடாது. ஏர்கான் மூடி அவர் முதலில் பார்க்க வந்த அன்றும் அங்கேதான் இருந்தது. இடது பக்கம் போனால் வேலை சீக்கிரம் முடியும், பொருளும் மிச்சம். அதை மட்டும் அவர் சொல்லவில்லை. மாற்றிப் போடச் சொன்னேன். கவ்விய மூட்டைக் கழற்ற முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று 380 வெள்ளி கேட்டார். தரமாட்டேன் என்றேன். அவரும் செய்யமாட்டேன் என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

வீட்டில் முடியவில்லை. "சாமி தலைக்கு மேல கக்கூஸ் தண்ணி போகுதே" என்று அம்மா ஆரம்பித்தார். இது கழிவுநீர் இல்லை, நீங்கள் செம்பில் பிடித்துச் சாமிக்கு வைக்கிறீர்களே, அதே தண்ணீர் என்று எடுத்துச் சொன்னேன். "வர்ற இடம் நல்ல இடம்தான். போற இடம் கக்கூஸ்தானே?" இதற்கு எந்தப் பிளம்பரிடமும் பதில் கிடையாது. பலகை அடித்துப் பெட்டியாக மூடலாம் என்று என் தம்பி யோசனை சொன்னான். மூடினால் மட்டும் தலைக்கு மேல் இல்லாமல் போய்விடுமா என்றார் அம்மா. அலமாரியை நகர்த்தலாம் என்றால், கிழக்குப் பார்த்து வைக்க அந்தச் சுவரை விட்டால் வேறு சுவர் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச மாதத்தில் அம்மா சமாதானமாகிவிட்டார். வெள்ளிக்கிழமை தேக்கா சந்தையிலிருந்து மாலை வாங்கி வந்தால் முன்பெல்லாம் மாட்ட ஆணி போதாது. இப்போது பைப்பில் ஓர் எஸ் கொக்கியைப் போட்டு, முருகனுக்கு நேராகத் தொங்க விடுகிறார். யாராவது வந்து பார்த்தால், "நல்ல ஸ்டாங்கா போட்டிருக்காங்க" என்று பாராட்டு வேறு. எனக்குத்தான் விளக்கேற்றிக் கும்பிட்டு நிமிரும் ஒவ்வொரு தடவையும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பைப். ஊதுவத்திப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதன் அடிப்பக்கத்தில் படிகிறது. ஸ்டூல் போட்டு ஏறித் துடைப்பதும் நான்தான். குளோரின் கலந்த கிளீனரால் மட்டும் துடைக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் என்றாலும் புள்ளி புள்ளியாகக் கறை விழும், நாளடைவில் அரிக்கும். ஈரத்துணியும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும்.

இன்னொரு சின்னத் தொல்லையும் இருந்தது. துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை நிறுத்தும்போது சுவரில் 'டங்' என்று ஓர் அடி விழும். பழைய பைப்பில் தண்ணீரே ஊர்ந்து வந்தது, அப்போது இது கிடையாது. இப்போது ஓடி வருகிற தண்ணீரை வால்வு சட்டென்று மூடியதும் அந்த வேகம் பைப்பை உதைக்கிறது. இயந்திரத்துக்குப் போகும் குழாயைப் பாதி மூடி வைத்தேன், தளர்ந்திருந்த கிளிப் ஒன்றையும் இறுக்கினோம். சத்தம் நின்றுவிட்டது.

தோழியின் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குத் துருத் தண்ணீர் இல்லை, பில்தான் ஏறுகிறது. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 40 கனமீட்டருக்குள் உபயோகித்தால் கனமீட்டருக்கு 3.24 வெள்ளி என்று விலையே ஏறிவிட்டது, வரி தனி. ஆகவே பில் ஏறியது என்றால் ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு நான் சொல்வது இது: ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வெளியே போய் மீட்டரைப் பார். அதற்குள் இருக்கும் சின்னச் சக்கரம் சுற்றினால் எங்கேயோ ஒழுகுகிறது. அதற்கும் முதல் சந்தேகம் பைப் மேல் இல்லை, கழிவறைத் தொட்டி மேல். தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டுக் காத்திரு. ஃப்ளஷ் பண்ணாமலே கீழே நிறம் இறங்கினால், சில வெள்ளியில் ஒரு ரப்பரை மாற்றினால் போதும்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், அவளுக்கு 1,400 வெள்ளிக்கு ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறதாம். மலிவுதான். பழைய லைனை வெட்டி அடைப்பது, ஹீட்டரைத் திரும்ப இணைப்பது, சுவரில் துளைத்த இடத்தைப் பூசுவது, புது வால்வு, இவையெல்லாம் அதற்குள்ளா, தனியா என்று எழுதி வாங்கு. இதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்வது, கொட்டேஷனில் எத்தனை அடி பைப் என்று இருக்கும், அது எந்தச் சுவரில் போகும் என்று இருக்காது. முன்பணம் கொடுப்பதற்கு முன் பென்சிலை அவர் கையில் கொடுத்து, சுவரிலேயே கோடு போடச் சொல். போட்ட கோட்டைப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பு. வேலை அன்று லீவு போடு.

அங்கிளின் நம்பரை அவளுக்கு அனுப்பிவிட்டேன். நல்ல வேலை, நியாயமான விலை, சொட்டு ஒழுகவில்லை. கூப்பிடச் சொல்லித்தான் அனுப்பினேன். புதுக்கோட்டைத் தம்பி இன்னும் அவரிடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் தொட்டி ஹீட்டர் பழசாகிவிட்டது. அடுத்த மாதம் மாற்ற வேண்டும், அதற்கும் உரிமம் உள்ள பிளம்பர்தான் வேண்டும். வேறு ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கிள் கேட்டிருக்கக்கூடியதைவிட இவர் எப்படியும் நூறு வெள்ளி கூடுதலாகத்தான் சொல்கிறார். சரி, வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.