அழகர் வீடியோவைத் தேடிப் போய்: வீட்டு மீடியா சென்டரோடு ஐந்து வருஷம்

2020 சித்திரை. ஊரடங்கு. அழகர் வைகையில் இறங்காத வருஷம். எங்கள் வீடு மதுரை புதூரில். ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மூன்றுமாவடி நடந்து போகிற தூரம்தான். அதற்கும் வழியில்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, "நாம எடுத்த பழைய அழகர் வீடியோ ஏதாச்சும் இருந்தா போடுத்தா" என்றார். ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். 'நியூ ஃபோல்டர் 3', அதற்குள் இன்னொரு 'நியூ ஃபோல்டர்', உள்ளே எல்லாம் வெறும் எண்கள். ஒரு மணி நேரம் துழாவியும் அழகர் அகப்படவில்லை. அத்தை மகள் காதுகுத்து மட்டும் நான்கு இடத்தில் இருந்தது. அன்று ராத்திரி, வீடியோக்களை அடுக்கி டிவியில் காட்டும் 'கோடி' என்ற மீடியா சென்டர் மென்பொருளை நிறுவினேன்.

சினிமாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோப்பின் பெயரில் படப் பெயரையும் அடைப்புக்குறிக்குள் வருஷத்தையும் எழுதினால் போஸ்டர், நடிகர்கள், கதைச்சுருக்கம் எல்லாம் டிஎம்டிபி என்ற சினிமா விவரத் தளத்திலிருந்து தானாக வந்துவிடும். வருஷத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1980 'பில்லா'வும் 2007 'பில்லா'வும் கணினிக்கு ஒரே பெயர்தான். அப்பாவுக்கு ஒன்றுதான் பில்லா.

வீட்டு வீடியோ வேறு ரகம். எங்கள் குலசாமி கும்பிட்டது எந்தத் தளத்துக்குத் தெரியும்? தலைப்பு, தேதி, டேக், எல்லாம் கையால்தான் அடிக்க வேண்டும். எட்டு மாதம் அடித்தேன். ஒரு நாள் மின்சாரம் போய்ப் போய் வந்ததில், மென்பொருள் இருந்த மெமரி கார்டு செத்துப்போனது. வீடியோக்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரம். எட்டு மாத எழுத்து கார்டில் இருந்த தரவுத்தளத்தோடு போனது. தப்பு என்னுடையதுதான். விவரங்களைத் தனித்தனிக் கோப்பாக வெளியே எடுத்து வைக்கும் வசதி 'கோடி'யிலேயே இருக்கிறது. நான் ஒரு தடவைகூட அதை அழுத்தவில்லை.

அந்தத் தனிக் கோப்புக்குப் பெயர் என்எஃப்ஓ. வீடியோவின் பெயரிலேயே அதன் பக்கத்தில் உட்காரும் சின்ன எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம், திருத்தலாம். இரண்டாவது தடவை ஒரு பழைய லேப்டாப்பில், அங்கிருந்தே வீட்டின் எல்லா டிவிக்கும் போனுக்கும் வீடியோ அனுப்பும் 'ஜெல்லிஃபின்' மென்பொருளைப் போட்டபோது முதல் வேலையாக என்எஃப்ஓ எழுதும் தேர்வை இயக்கினேன். வீட்டு வீடியோ தொகுப்புக்கு இணையத்திலிருந்து விவரம் இழுப்பதை நிறுத்தினேன். கையால் திருத்தியதை எல்லாம் பூட்டி வைத்தேன். பூட்டாவிட்டால் அடுத்த தடவை புதுப்பிக்கும்போது நாம் எழுதியதன் மேலேயே எழுதிவிட வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு டிவி என்றால் 'கோடி'யே போதும். எங்கள் வீட்டில் மாடியில் அண்ணன், கீழே அப்பா, போனில் நான் என்பதால் 'ஜெல்லிஃபின்' தோதுப்பட்டது.

அதிகம் படுத்தியது தேதிதான். போன்கள் எம்பி4 கோப்புக்குள் உலகப் பொது நேரத்தைத்தான் எழுதுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதனால் விடியற்காலை ஐந்தரைக்கு முன்பு எடுத்தது எல்லாம் முந்தின நாள் கணக்கில் விழும். மதுரைக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நாலரை மணிக்கே ஆற்றங்கரையில் இடம்பிடித்து எடுத்த வீடியோ, எதிர்சேவை வரிசையில் போய் உட்கார்ந்திருந்தது. கோப்புக்குள் இருக்கும் தேதியைத் திருத்தும் எக்சிஃப்டூல் என்ற மென்பொருளை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஐந்தரை மணி கூட்டினேன். தேதியே இல்லாத சில கோப்புகள் 1904 ஜனவரி 1 என்று காட்டின. அந்த வடிவத்தின் கடிகாரம் தொடங்குவது அங்கே. அந்தக் கணக்குப்படி என் அத்தை மகளுக்கு 1904இல் காது குத்தியாயிற்று.

வாட்ஸ்அப்பில் வந்தவை இன்னும் மோசம். பெயரில் இருக்கும் தேதி நம் போனுக்கு வந்த தேதி, எடுத்த தேதியில்லை. ஆற்றுத் திருவிழா வீடியோ ஒன்று எந்த வருஷம் என்று தெரியாமல் மாதக்கணக்கில் கிடந்தது. ஒரு நாள் பார்க்கிறேன், கும்பிடுகிற சித்தியின் ஆள்காட்டி விரலில் புது மை! 2019 ஏப்ரல் 18: தேரோட்டமும் ஓட்டுப்பதிவும் ஒரே நாளில் வந்து, மதுரையில் இரவு எட்டு மணி வரை ஓட்டுப் போட விட்டார்களே, அந்த வருஷம். மறுநாள் அழகர் ஆற்றில்.

டேக்குக்கு வருகிறேன். முதலில் ஆபீஸ் ஃபைல் மாதிரி 'சுப நிகழ்ச்சி', 'பயணம்' என்று வைத்தேன். வீட்டில் யார் அப்படிக் கேட்கிறார்கள்? அப்பத்தா கேட்பது, "உங்க தாத்தா சத்தம் போட்டுப் பேசுற படம்." அண்ணன் கேட்பது மழையில் பந்தி கலைந்த கல்யாணம். இப்போது டேக்குகளும் அப்படித்தான்: 'தாத்தா குரல்', 'கெடாவெட்டு', 'மழை'. அப்புறம் இந்த எழுத்துக் கூத்து. காதுகுத்து, காது குத்து, காதணி விழா என்று ஒரே சடங்குக்கு மூன்று டேக். பௌர்ணமிக்கு மட்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு டேக். அரை நாள் குழம்பினேன். ஒன்றில் ஔகாரத்தை ஒழுங்காக அடித்திருக்கிறேன், இன்னொன்றில் 'பெ'வும் 'ள'வும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இப்போது 31 டேக் கொண்ட பட்டியலை வைத்து, அதிலிருந்துதான் ஒட்டுகிறேன்.

மூன்று மணி நேரக் கல்யாண கேசட்டுக்கு டேக் மட்டும் போதாது. எம்கேவி என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றி, எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் அத்தியாயம் பிரித்தேன்: மாப்பிள்ளை அழைப்பு, தாலிகட்டு, பந்தி, மொய். அப்பா நேராக மொய்க்குப் போய்விடுவார். மைக்கில் யார் எவ்வளவு என்று வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

கடைசியாகச் சேர்த்த டேக் 'யார் இவர்?'. வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் காப்பியோடு அதையும் போட்டுக் காட்டுகிறேன். போன வாரம் மேலூர் பெரியம்மா வந்து மூன்று பேரை அடையாளம் சொன்னார். நான்காவது வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டு விசேஷமே இல்லடி" என்றார். கேசட் எங்கே மாறியதோ தெரியவில்லை. அந்தக் கல்யாணத்தை இரண்டு வருஷமாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.