வரலாற்று வகுப்பில் ஓபன்ஷாட்

மாணவர்களே காணொளி தயாரித்து வரலாறு கற்பதற்கு, கட்டணமில்லாத திறமூலப் படத்தொகுப்பு மென்பொருளான ஓபன்ஷாட்டை ஏழாம் வகுப்பில் பயன்படுத்தினோம். நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதை முழுமனதுடன் பரிந்துரைக்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. கைபேசிகள் மட்டுமே உள்ள வகுப்புக்குப் பயன்படாது.

நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், 1969 ஜூலை 20 அன்று நிகழ்ந்த நிலவுத் தரையிறக்கம். நாசாவின் படங்களைக் காலவரிசையில் அடுக்கியபோதுதான், நிலவில் எடுத்த ஒளிப்படங்களில், அங்கு இறங்கிய இரு விண்வெளி வீரர்களில் பெரும்பாலும் ஆல்ட்ரினே தென்படுவதையும் ஆம்ஸ்ட்ராங் அரிதாகவே இருப்பதையும் மாணவர்கள் கவனித்தார்கள். பெரும்பாலான நேரம் கேமரா ஆம்ஸ்ட்ராங்கிடம் இருந்ததே காரணம் என்று அவர்களே தேடிக் கண்டறிந்தது, ஒரு சான்றைப் பதிவு செய்தவர் யார் என்று கேட்கும் பழக்கத்தை எந்தப் பாடநூல் விளக்கத்தையும்விட ஆழமாக ஊன்றியது என்றே கருதுகிறேன். ஒரு குழு, நிலவில் இறங்காமல் சுற்றுப்பாதையிலேயே இருந்த காலின்ஸின் பார்வையில் வர்ணனை எழுதியது. எனக்கு மிகவும் பிடித்த காணொளி அதுதான்.

காட்சி மாற்ற விளைவுகளும் நகரும் எழுத்துகளும் மாணவர்களை எளிதில் திசைதிருப்பும். ஆகவே, மூன்று நிமிட வர்ணனையை எழுதி, அதன் ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று குறித்து முடிக்கும்வரை மென்பொருளைத் திறக்க அனுமதிக்காதீர்கள்.