மழை தாங்கியது, பனி தாங்கவில்லை: நாலு வருட 24–105

என் கேமரா லென்ஸ் சர்வீஸிலிருந்து நேற்றுதான் திரும்பி வந்தது. சரியாக இந்த நேரம் பார்த்து நண்பன் ஒருவன், "விலை குறைஞ்சிருக்கே, வாங்கலாமா?" என்று கேட்கிறான். 24–105 மி.மீ. சூம் லென்ஸ், மழைக்கு சீல் போட்டது, கை நடுக்கத்தைச் சமாளிக்கும். இதெல்லாம் அவனுக்கே தெரியும். நான் சொல்ல இருப்பது ஒன்றுதான்: ஃபங்கஸ், அதாவது ஈரத்தில் லென்ஸுக்குள் படரும் பூஞ்சை.

நாலு வருடமாக இது என்னோடு நீலகிரிச் சோலைகளில்தான் அலைகிறது. ஐப்பசி மழையில் கோத்தகிரி லாங்வுட் சோலை, ஆடிக் காற்றில் அவலாஞ்சிப் பக்கம். (2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்த அதே அவலாஞ்சிதான்.) தொப்பலாக நனைந்ததைத் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த படம் எடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட மக்கர் செய்ததில்லை. அட்டை கடித்து ரத்தம் விட்டதெல்லாம் நான்தான்.

ஆனால் மலையில் வில்லன் மழை இல்லை, மூடுபனி. சூமைத் திருகினால் இந்த லென்ஸ் வெளியே நீளும். நீளும்போதெல்லாம் சைக்கிள் பம்பு மாதிரி காற்றை உள்ளே இழுக்கும். ரப்பர் வளையம் தண்ணீர்த் துளியைத் தடுக்கும், காற்றோடு வரும் ஈரத்தை என்ன செய்யும்? அப்புறம் அறைக்கு வந்ததும் அப்படியே பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடித் தூங்கியவன் நான். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "எந்தப் பருவத்துக்கும் ஏற்றது" என்று பெட்டியில் அச்சடித்தவர்கள் இதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ். சாதாரணப் படங்களில் தெரியாது. மேகம் விலகி, கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் பாயும் அந்த அரை நிமிடத்தில்தான் படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல ஆகும். அந்த அரை நிமிடத்துக்காகத்தானே மலையேறுகிறோம்! பிரித்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். ஆனால் ஒரு கண்ணாடியில் பூச்சையே அரித்துவிட்டதாம், தழும்பு போகாது. பில்லைப் பற்றிப் பேச வேண்டாம். ஈரம் ஏறாமல் லென்ஸை வைக்கும் டிரை பாக்ஸ் இப்போதுதான் வாங்கியிருக்கிறேன், 45 சதவீத ஈரப்பதத்தில் ஓடுகிறது.

இவ்வளவு திட்டியும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழை விட்ட கையோடு, பளபளப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டரை லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்பினால் இலைமேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பு போய்விடும். சோலைத் தளிர்களின் சிவப்பும் தண்டைப் போர்த்திய பாசியும் தனித்தனியாக எழுந்து நிற்கும். வெளிச்சம் இறங்கி ஷட்டர் வேகம் நொடியில் எட்டில் ஒரு பங்குக்கு வந்துவிடும். பரவாயில்லை, ட்ரைபாட் இல்லாமலே இந்த லென்ஸ் தாங்கும். காற்றில் இலையெல்லாம் கலங்கிப் பச்சைப் புகையாக, முண்டும் முடிச்சுமாகக் கிழட்டு நாவல் மரம் மட்டும் அசையாமல் நடுவில். என் சுவரில் மாட்டியிருக்கும் மூன்று படங்களும் இப்படி எடுத்தவைதான்.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். நீளாத சூமாகப் பார்க்கச் சொன்னேன்.

அடுத்த வாரம் கோத்தகிரி. பையில் இதே லென்ஸ்தான், சூம் நீளாதபடி 35 மி.மீ.இல் வைத்து டேப் சுற்றிவிட்டேன்.